மருத்துவமனைக் கணக்கைத் தனியாகக் கேள்

அன்புள்ள தம்பிக்கு,

பல்கலைக்கழகத்தின் நிர்வாக முடிவுகளை எடுக்கும் ஆட்சிமன்றக் குழுவுக்கு ஆசிரியர்கள் உன்னைத் தேர்ந்தெடுத்ததை அறிந்தேன். ஊரெல்லாம் வாழ்த்துச் சொல்லியிருக்கும். எனக்கென்னவோ அனுதாபம் சொல்லத்தான் தோன்றுகிறது. முதல் கூட்டத்துக்கே உனக்கு வந்திருக்கும் விவாதப் பொருள் அப்படி. ‘ஓய்வூதிய நிதியின் வைப்புத்தொகையை முறித்து மருத்துவமனைக்குத் தற்காலிக முன்பணமாக வழங்க, நிதிக்குழு பரிந்துரைத்தவாறு ஏற்பளிக்கலாம்.’ ஒரே வாக்கியம். இணைப்பு எதுவும் இல்லை. விவரம் கேட்டால், “வார்டில் நோயாளி படுத்திருக்கும்போது கணக்குக் கேட்கிறீர்களா?” என்று வாயை அடைக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். உன் பல்கலைக்கழகத்தின் பெயர் இங்கே வேண்டாம். இதே இக்கட்டில் வேறு பலரும் இருப்பார்கள் என்பதால்தான் பதிலைப் பொதுவில் வைக்கிறேன்.

கேட்கத்தான் வேண்டும். ஏன் என்று தெரிய வேண்டுமானால் சிதம்பரத்தில் நடந்ததைப் பார்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-இல் தொடங்கியது. சட்டம் போட்டு அமைத்தது அரசு. ஆனால் வேந்தருக்கு அடுத்த இணைவேந்தர் பதவி நிறுவனர் ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் குடும்பத்துக்குப் பரம்பரை உரிமை. தமிழுக்கும் தமிழிசைக்கும் அந்த வளாகம் செய்ததை நன்றியோடுதான் நினைக்கிறேன். 1980-இல் பல் மருத்துவக் கல்லூரி வந்தது, 1985-இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி. தொலைநிலைக் கல்வி வெளிமாநிலங்கள் வரை மையங்களைத் திறந்தது. பணம் வந்தது, ஆட்களும் வந்தார்கள். 2012-இன் கடைசியில் நிதி நெருக்கடி என்று சொல்லி நிர்வாகம் சம்பளத்தில் கைவைக்க முனைந்தபோது ஊழியர்கள் 12,000 பேருக்கு மேல் இருந்தார்கள். போராட்டம் வெடித்தது, பல்கலைக்கழகத்தை மூடினார்கள். 2013 ஏப்ரலில் சிவ்தாஸ் மீனா என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரியை அரசு நிர்வாகியாக அமர்த்தியது. அதே ஆண்டு வந்த புதிய சட்டத்தோடு குடும்பத்தின் உரிமை போயிற்று. உயர்கல்வி அமைச்சர் இணைவேந்தர் ஆனார்.

12,000 பேர் ஒரே நாளில் வந்து சேரவில்லை. ஆண்டுக்கணக்கில், துறை துறையாக, ஒவ்வொருவருக்கும் ஒரு நியமன ஆணை போயிருக்கும். இத்தனை பேருக்கு இன்னும் இருபது ஆண்டுகள் சம்பளமும் அதன்பின் ஓய்வூதியமும் எங்கிருந்து வரும் என்று எந்த அவையில், யார் கேட்டிருக்க வேண்டும்? நம் பல்கலைக்கழகங்களில் பாடத்திட்டம் கல்விக் குழுவுக்கு வரும், தேர்வு விதி வரும், முனைவர் பட்ட நெறிமுறை வரும். சம்பளப் பட்டியல் வராது. வராததை நாமும் கேட்டு வாங்குவதில்லை. கசப்பான இன்னொன்றும் உண்டு: புதிதாக வேலைக்கு வருகிறவர்தான் சங்கத்தின் புதிய உறுப்பினர். ‘போதும், இனி ஆள் எடுக்காதே’ என்று தீர்மானம் போட்ட ஆசிரியர் சங்கம் எதையும் நான் கண்டதில்லை. சம்பளம் வருகிறவரை கணக்கு அலுவலகத்துக்கு வழி தெரியாதவர்களாகத்தான் நாம் இருந்திருக்கிறோம்.

அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் ஆசிரியர்களும் ஊழியர்களுமே. ‘உபரி’ என்று முத்திரை குத்தி, பணி நிரவல் என்ற பெயரில் அவர்களை அரசுக் கலைக் கல்லூரிகளுக்கும் பாலிடெக்னிக்குகளுக்கும் வேறு அரசு அலுவலகங்களுக்கும் அனுப்பினார்கள். ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தவர் மாவட்டம் தாண்டிப் போய் முதலாண்டு மாணவர்களுக்கு அடிப்படைப் பாடம் எடுப்பதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த முடிவில் அவருக்கு எந்தப் பங்கும் இல்லை. குடும்பம் போய் அரசு வந்தும், கணக்குப் புத்தகத்திலிருந்து ஆசிரியர் நின்ற தூரம் குறையவில்லை.

இனி மருத்துவக் கல்லூரி. அரசு ஏற்றுக்கொண்ட பிறகும் அங்கே கட்டணம் மட்டும் தனியார் கல்லூரிக் கணக்கிலேயே இருந்தது. எம்.பி.பி.எஸ். மாணவர் ஆண்டுக்கு 5.44 லட்சம் ரூபாய் கட்டினார். மற்ற அரசு மருத்துவக் கல்லூரிகளில் அது 13,610 ரூபாய். ஏறத்தாழ 40 மடங்கு! ஒரு வகுப்புக்கு 150 இடம் என்றால், ஓர் ஆண்டின் ஒரு வகுப்பிலிருந்து மட்டும் 8 கோடிக்கு மேல் வரும். நிதிநிலை ஆட்டம் கண்ட ஒரு நிறுவனம் இதை எளிதில் விட்டுவிடுமா? 2020 டிசம்பரில் மாணவர்கள் இந்தக் கட்டணத்தை எதிர்த்துப் போராட்டத்தில் இறங்கினார்கள். விடுதியை மூடியும் கலையவில்லை. 2021 ஜனவரியில் அரசு இறங்கிவந்து, கல்லூரியையும் மருத்துவமனையையும் சுகாதாரத் துறைக்கு மாற்றி, கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஆக்கியது. மாணவர் கேட்டது நியாயம். அதுவரை மாவட்டத்துக்கென்று அரசு மருத்துவக் கல்லூரியே இல்லாததால் நோயாளிகளுக்கும் நல்லது. பல்கலைக்கழகமோ பெரிய வரவு ஒன்றையும் பெரிய செலவு ஒன்றையும் சேர்த்தே இழந்தது. இப்படிப் பிரியும்போது எது எதைத் தாங்கிக்கொண்டிருந்தது என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால்தான் மீதமிருக்கும் துறைகள் தப்பும். தொலைநிலைக் கல்வியும் கைகொடுக்கவில்லை; 2014-15 கல்வியாண்டு வரைதான் அதற்கு அங்கீகாரம் என்று 2022-இல் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்தது.

உன் கூட்டத்துப் பொருளுக்கு இன்னும் நெருக்கமான கதை அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் நடந்தது. அலெகெனி என்ற மருத்துவ அறக்கட்டளை அங்கே மருத்துவமனைகளை வாங்கிக் குவித்து, இரண்டு பழைய மருத்துவக் கல்லூரிகளை ஒன்றாக்கிப் பல்கலைக்கழகமும் நடத்தியது. 1998-இல் சுமார் 130 கோடி டாலர் கடனோடு திவாலானது. இன்ன காரியத்துக்கு மட்டும் என்று நன்கொடையாளர்கள் ஒதுக்கிய அறநிதிகளைத் தொட்டு அன்றாடச் செலவைச் சமாளித்தது பிறகுதான் வெளியே வந்தது. தலைமை நிர்வாகி மீது குற்ற வழக்கு நடந்து தண்டனையும் கிடைத்தது. கல்லூரி டிரெக்செல் பல்கலைக்கழகத்தின் கைக்குப் போனது; அதன் முக்கியப் பயிற்சி மருத்துவமனையான ஹானமன், கைமாறிக் கைமாறி 2019-இல் மூடப்பட்டது. பயிற்சி மருத்துவர்கள் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் வேறு இடம் தேடி அலைந்தார்கள். அங்கேயும் நிதியைத் தொட்டபோது அதைத் ‘தற்காலிகம்’ என்றுதான் நினைத்திருப்பார்கள்.

ஆகவே, வரவுசெலவுத் திட்டத்தில் மருத்துவமனைக்குத் தனி வரவு, தனிச் செலவு வேண்டும் என்று கேள். கல்லூரியில் பாடமும் நடத்தி வார்டையும் பார்க்கும் மருத்துவரின் சம்பளத்தை எந்தத் தலைப்பில் எழுதுகிறார்கள் என்று பார். பாதி வித்தை அங்கேதான் நடக்கும்: நட்டம் காட்ட வேண்டுமானால் மருத்துவமனையில் ஏற்றுவார்கள், லாபம் காட்ட வேண்டுமானால் கல்லூரிக்குத் தள்ளுவார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வர வேண்டிய தொகை எவ்வளவு, அதில் ஓராண்டைத் தாண்டி நிற்பது எவ்வளவு, நிராகரிக்கப்பட்ட பிறகும் ‘வரவேண்டியது’ என்றே எழுதி வைத்திருப்பது எவ்வளவு என்று கேள். தணிக்கைத் தடைகளின், அதாவது தணிக்கையாளர் எழுப்பிய ஆட்சேபங்களின், பட்டியலை அப்படியே மேசையில் வைக்கச் சொல். சுருக்கம் கொடுத்தால் வாங்காதே. முன்பணம் என்றால் திருப்பிக் கட்டும் தேதி எங்கே, வட்டி எங்கே, கட்டாவிட்டால் யார் பொறுப்பு? ஓய்வுபெற்றவர்களின் பிரதிநிதி அந்த அறையில் இல்லை என்பதையும் உரக்கச் சொல்.

நோயாளிகளைக் காட்டி வாயடைப்பவர்களிடம் பணிவாகவே பேசு. ஆசிரியர் உள்ள மருத்துவமனை என்பதால்தான் அந்த வார்டுகள் நிரம்புகின்றன. சீட்டு எண்ணிக்கைக்கு ஏற்பப் படுக்கையும், படுக்கைக்கு ஏற்ப நோயாளிகளும் இருந்தால்தான் அங்கீகாரம் நிலைக்கும் என்பது அவர்களுக்கும் தெரியும். செலவைக் குறைக்கச் சொல்லி நீ வரவில்லை, செலவைக் காட்டச் சொல்லித்தான் வந்திருக்கிறாய்.

இன்னொரு சிக்கல். துணைவேந்தர் நியமனம் ஆளுநருக்கும் மாநில அரசுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டதில் தமிழகத்தின் பல பல்கலைக்கழகங்கள் குழுக்களின் பொறுப்பில் ஓடியதைப் பார்த்தாய். 2025 ஏப்ரல் 8-இல், ஆளுநர் நிறுத்திவைத்த மசோதாக்கள் ஏற்பு பெற்றதாகக் கொள்ளப்படும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது; நியமன அதிகாரத்தை மாநில அரசுக்கு மாற்றிய சட்டப் பிரிவுகளுக்கு மே மாதமே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. தலைமை நாற்காலி காலியாக இருக்கும் காலத்தில்தான் இப்படிப்பட்ட ஒற்றை வாக்கியப் பொருள்கள், முன்கூட்டி அனுப்பாமல் கூட்டத்திலேயே நீட்டும் மேசைப் பொருளாக, கூட்டம் முடியும் நேரத்தில், காபியோடு சேர்ந்து வரும். முன்கூட்டியே அனுப்பாத நிதிப் பொருளை விவாதிக்க மாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிடு. சிரிப்பார்கள். பரவாயில்லை.

தோற்கத்தான் போகிறாய், ஒற்றை ஆள். தோற்றாலும் உன் மறுப்பைக் காரணத்தோடு எழுத்தில் கொடு, கூட்டக் குறிப்பில் சேர்க்கச் சொல். வரைவுக் குறிப்பு வந்ததும் வரி வரியாகப் படி. ‘ஒருமனதாக’ என்று இருந்தால் அன்றைக்கே பதிவாளருக்குக் கடிதம் போடு, நகல் எனக்கும் அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய ஆசிரியர்