நாலு பேர்

அன்புள்ள ஜெசிக்கு,

நான் சுகம். நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். நீ அனுப்பின முழங்கால் பட்டை வந்து சேர்ந்தது. சின்னவளுக்கு வேலை நிரந்தரமானதில் ரொம்ப சந்தோஷம். முதல் சம்பளத்தில் பெரியம்மாவுக்கு ஒரு சேலை பாக்கி என்று சொல்லிவை.

போன மாதம் நான் போனைச் சட்டென்று வைத்துவிட்டேன் என்று உனக்கு வருத்தம் இருக்கும். கோபத்தில் வைக்கவில்லை. "நீ ஊர் என்ன சொல்லுமோன்னு கோயிலுக்குப் போற. நான் வீட்டிலேயே ஜெபம் பண்ணுறேன், எனக்கு அது போதும். ஆண்டவர் எங்கதான் இல்ல?" என்றாய். பதில் நெஞ்சுவரைக்கும் வந்தது, வாய்க்கு வரவில்லை. 'பல்லி' என்று பட்டப்பெயர் வைத்தோமே, அந்த மிஸ்ஸையே மடக்கி உட்காரவைத்தவள் நீ. உன்னிடம் போனில் பேசி ஆகாது. கடிதத்தில் குறுக்கே பேச முடியாதில்லையா, முழுவதும் வாசி.

என் வீட்டுக்காரர் இறந்துபோன ராத்திரி நடந்தது எல்லாவற்றையும் நான் உன்னிடம் சொன்னதில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததும், ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே முடிந்துபோனதும் உனக்குத் தெரியும். நாங்கள் வண்டியில் திரும்பி வந்தபோது விடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அதற்குள் வாசலில் பெஞ்சு போட்டிருந்தார்கள். திண்ணையில் விளக்கு எரிந்தது. எங்கள் சபைப் போதகர் ஐயரும் ஐயரம்மாவும் நின்றுகொண்டிருந்தார்கள். கோயில் மணி விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்தது. யார் யாருக்குச் சொன்னார்கள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. துபாயிலிருந்து மகன் வந்து சேர மறுநாள் சாயங்காலம் ஆயிற்று. அதுவரைக்கும் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து, பாடின வாய் ஓய்ந்தால் அடுத்த வாய் என்று கீர்த்தனை பாடிக்கொண்டே இருந்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டினவர்கள் வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள். பாதிப் பேர் அவரிடம் கணக்குப் படித்தவர்கள்.

காலை ஐந்து மணிக்குப் பிளாஸ்கில் காப்பியோடு முதலில் படியேறினது யார் தெரியுமா? மேலத்தெரு அக்கா! சபைக் காரியங்களைப் பார்க்கிற சேகரக் கமிட்டித் தேர்தலில் இரண்டு வீட்டுக்கும் முட்டிக்கொண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. ஆராதனையில் சமாதானம் சொல்லிக் கை கொடுக்கிற நேரம் வந்தால் நான் அந்தப் பக்கம் திரும்புவேன், அவர்கள் இந்தப் பக்கம் திரும்புவார்கள். அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. தம்ளரை என் கையில் வைத்து, நான் குடித்து முடிக்கிறவரைக்கும் என் முட்டியில் கையை வைத்துக்கொண்டே இருந்தார்கள். எட்டு நாளும் அடுப்பை அவர்கள்தான் பார்த்தார்கள்.

இதெல்லாம் அக்கம்பக்கத்தார் செய்கிற உதவிதானே, கோயில் எதற்கு என்று கேட்பாய். அதற்குத்தான் வருகிறேன்.

அடக்கம் முடிந்து முதல் ஞாயிறு நான் கோயிலுக்குப் போனேன். பெண்கள் பக்கம், தூணோரம், வழக்கமான இடம். பரமண்டல ஜெபம் வந்தது. 'உம்முடைய சித்தம்' என்ற இடத்தில் என் நாக்கு நின்றுவிட்டது. மேலே சொல்ல முடியவில்லை. சொன்னால் பொய்யாகும். ஆனால் ஜெபம் நிற்கவில்லை, ஜெசி. முன்னால் சின்னப் பிள்ளைகள், பின்னால் காது கேட்காத பாட்டி, எதிர்ப்பக்கம் ஆண்கள், எல்லோரும் சொல்லிக்கொண்டே போனார்கள். நான் விட்ட வரியை என்னைச் சுற்றியிருந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அது 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே' என்று தொடங்குகிற ஜெபம் என்பது சிறு வயதிலிருந்தே தெரியும். அன்றைக்குத்தான் புரிந்தது.

நாலு மாதம் நான் வீட்டில் ஜெபிக்கவே இல்லை. ஐயரிடம்கூட இதைச் சொன்னதில்லை. வேதப் புத்தகத்தைத் திறந்தால் அவர் அடிக்கோடு போட்ட வசனங்கள்தான் கண்ணில் படும், மூடிவிடுவேன். நீ சொல்லுகிற மாதிரி வீட்டு ஜெபமே போதும் என்று அந்த நேரத்தில் நான் இருந்திருந்தால், எனக்கு ஒன்றுமே இருந்திருக்காது. ஞாயிறு காலை போய் உட்காருவதை மட்டும் விடவில்லை. பாடமாட்டேன். மற்றவர்கள் பாடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

மாற்கு இரண்டாம் அதிகாரம் ஞாபகம் இருக்கிறதா? ஓய்வுநாள் பள்ளியில் நீ திமிர்வாதக்காரனாகப் படுத்துக்கொண்டு சிரித்துவிட்டாயே, அந்தக் கதைதான். நாலு பேர் அவனைச் சுமந்துகொண்டு வருகிறார்கள். ஜனக்கூட்டத்தால் உள்ளே போக முடியாமல் கூரையைப் பிரித்துப் படுக்கையோடு இறக்குகிறார்கள். இயேசு 'அவர்கள் விசுவாசத்தைக் கண்டு' என்றுதான் அங்கே எழுதியிருக்கிறது. இத்தனை வருடம் அந்த 'அவர்கள்' என்ற சொல்லை நான் கவனிக்காமல் தாண்டிப் போயிருக்கிறேன். படுத்துக் கிடந்தவன் அன்றைக்கு என்ன விசுவாசித்தான் என்று யாரும் கேட்கவில்லை. நம் ஊரில் 'நாலு பேர் வேணும்' என்றால் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போகிறதைத்தான் நினைப்போம். அவருக்கு அந்த நாலு பேர் கிடைத்தார்கள். உயிரோடு கிடந்த எனக்கும் நாலு பேர் கிடைத்தார்கள்.

போனில் ஆராதனை பார்க்கிறதாகச் சொன்னாய். நானும் பார்த்திருக்கிறேன். 2020இல் ஏப்ரல் 12ஆம் தேதி ஈஸ்டர். கோயில் பூட்டிக் கிடந்தது. அவர் வெள்ளை வேட்டி கட்டி, தலை சீவி, செல்போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்து உட்கார்ந்தார். பிரசங்கம் நன்றாகத்தான் இருந்தது. திருவிருந்து வந்தபோது எங்கள் இரண்டு பேர் கையும் மடியில் சும்மா கிடந்தது. அப்பம் யாராவது கையில் வைத்தால்தானே அப்பம்? "என்னமோ கல்யாண வீட்டு வீடியோ பாத்த மாதிரி இருக்கு" என்று சொல்லி எழுந்து போனார். முடியாதவர்களுக்கு அது பெரிய ஆறுதல், மறுக்கவில்லை. உனக்குக் கால் நன்றாக இருக்கிறதே!

இப்போது உன் குற்றச்சாட்டு. கமிட்டிச் சண்டை, தேர்தல், கோர்ட்டு, கேஸ். எல்லாம் உண்மை. சாதி, அது இன்னும் உண்மை. ஒரே பாத்திரத்தில் பங்குபெற்றுவிட்டு வந்து, பெண் கேட்கும்போது முதல் கேள்வியாக அதைத்தான் கேட்கிறார்கள். அதை நினைத்தால் எனக்கும் ஆத்திரம்தான். எங்கள் கோயிலில் வேதபாடம் வாசிக்க எப்போது பார்த்தாலும் அதே ஏழெட்டு வீட்டு ஆள்கள்தான். இந்த வருடம் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் எழுந்து, கீழத்தெருப் பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியாதா என்று கேட்டேன். இரண்டு பேர் முகத்தைத் திருப்பினார்கள். ஐயர் ஒத்துக்கொண்டார். இப்போது அங்கேயிருந்து ஒரு பிள்ளை, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள், மாதத்தில் ஒரு ஞாயிறு வாசிக்கிறாள். எவ்வளவு தெளிவான குரல்! இதனால் சாதி போய்விட்டது என்று சொல்லமாட்டேன். நான் உள்ளே இருந்ததால் கேட்க முடிந்தது. நீயும் அங்கே உன் சபையில் இருந்தால் கேட்பாய், உன் வாய் என்னைவிட நீளம்.

கல்லூரியில் படிக்கும்போது பாளையங்கோட்டையில் குளோரிந்தாள் கோயிலுக்குப் போவோமே. பாப்பாத்தியம்மாள் கோயில் என்று சொன்னால்தான் ஆட்டோக்காரருக்குத் தெரியும். அப்போது அந்தச் சின்னக் கோயிலின் குளிர்ச்சி மட்டும்தான் நமக்குப் பிடிக்கும், அவள் கதையை யார் நினைத்தது? இப்போது அடிக்கடி நினைக்கிறேன். தஞ்சாவூர்ப் பக்கத்து மராட்டிய பிராமண விதவை. மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் கையில் 1778இல் ஞானஸ்நானம் பெற்றாள். 1780இல் எழுதின சபைப் பதிவில் நாற்பது பேர், அவள் பெயர்தான் முதலில். 1785இல் அந்தக் கோயில் பிரதிஷ்டை ஆயிற்று. ஆண்டவரை நினைக்க ஒரு அறையும் ஒரு பாயும் அவளுக்குப் போதாதா? அவளோ ஆள்களைச் சேர்த்தாள், சுவர் எழுப்பினாள். தாலி போன பிறகு அவளை நினைக்கும்போது என் வயிறு கலங்குகிறது.

உன் ஆச்சி ஊர் மட்டும் என்னவாம்? மஸ்கோத்து அல்வாவுக்கு மட்டும் முதலூர்ப் பெருமை பேசுவாய். விசுவாசித்தவர்களுக்குச் சொந்த ஊரில் இருக்க விடாமல் உபத்திரவம் வந்தபோது, 1799இல் உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் நிலம் வாங்கி அவர்களைக் குடியேற்றின இடம்தானே அது. முதல் ஊர், அதனால் முதலூர். அவர்களுக்குச் சபை என்பது ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் போய்வருகிற இடமில்லை. தலைக்குமேல் கூரை அதுதான். பக்கத்து வீட்டு நெருப்பும், கிணற்றுத் தண்ணீரும் அதுதான். அந்தக் கூட்டத்தில் பிறந்தவள் நீ, பெங்களூரில் ஆறாம் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக ஜெபிக்கிறாய். உன் ஜெபத்தைக் குறைவாகச் சொல்லவில்லை. நீ விழுந்தால் உன்னைத் தூக்க யார் இருக்கிறார்கள் என்றுதான் என் கவலை. அத்தானுக்குச் சர்க்கரை, பிள்ளைகள் இரண்டும் வெளியூர். நம் வயதில் இது சின்னக் கவலை இல்லை, ஜெசி. அதைவிடப் பெரியது இன்னொன்று: உன் பக்கத்து வீட்டில் ஒருத்தி நாக்கு நின்று உட்கார்ந்திருந்தால், அவள் விட்ட வரியை எடுத்துச் சொல்ல நீ அங்கே இல்லை.

எந்தச் சபை என்று நான் சொல்லவில்லை. நடந்து போகிற தூரத்தில் ஒன்று இருக்கும். பாட்டு நன்றாக இல்லை, பிரசங்கம் நீளம் என்று இரண்டாம் வாரமே திரும்பி வராதே. ஒரு வருடம் போ. யார் வீட்டில் யாருக்கு என்ன வியாதி என்று உனக்குத் தெரிகிறவரைக்கும் போ.

அடுத்த மாதம் எங்கள் பிரதிஷ்டைப் பண்டிகை, மறுநாள் அசனம். அவர் இல்லாத முதல் அசனம். முப்பது வருடம் சோற்றுக் கணக்கு அவர் கையில்தான் இருந்தது. இந்த வருடம் மேலத்தெரு அக்கா மகன் பார்க்கிறான். கணக்கு நோட்டைத் தரச் சொல்லி வந்தான், கொடுத்தேன். எல்லாத் தெருவும், இந்து வீட்டாரும்கூட, ஒரே பந்தியில் உட்காருவார்கள். நீ கல்யாணமான வருடம் வந்ததுதான். நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போடு. இரண்டு நாள் முன்னாலேயே வா, கத்தரிக்காய் நறுக்க ஆள் பற்றாது. அரிவாள்மனை நான் தருகிறேன்.

அன்புடன்,
சாந்தி