நீ விட்டுப்போன ஐஃபோனும் என் பழைய சாம்சங்கும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்கு மட்டும் காலையில் முழங்கால் கொஞ்சம் படுத்துகிறது, எண்ணெய் தேய்த்து நாலு எட்டு நடந்தால் சரியாகிவிடுகிறது. குட்டிக்குப் பரீட்சை முடிந்ததா? மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "இன்னும் அந்தப் பழைய ஃபோனையே வச்சுக்கிட்டிருக்கியாம்மா, ஏதாவது ஆஃபரில் போட்டுட்டு ஐஃபோனை எடுத்துக்கோயேன்" என்றாய், நான் "பார்க்கலாம்" என்று இழுத்தேன், உனக்கு வருத்தம் என்று குரலிலேயே தெரிந்தது. நீ ஆசையாகக் கொடுத்ததை நான் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறேன் என்று நினைத்திருப்பாய். அப்படி இல்லை. பொங்கல் முடிந்து நீ பூனாவுக்கு ரயில் ஏறின நாளிலிருந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஃபோனில் சொன்னால் நீ நடுவில் பேசிவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

முதலில் குரல். எனக்கு ஃபோன் என்றால் கேமராவுக்கு முன்னால் அதுதான். 1986இல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்து 2020 ஜனவரி 31இல் வி.ஆர்.எஸ். என்று விருப்ப ஓய்வு வாங்குகிறவரை காதில் ஹெட்செட் மாட்டியே காலம் போயிற்று, ஆரம்ப வருஷங்கள் முழுக்க வெளியூர்க் கால்களை இணைத்துக்கொடுக்கிற டிரங்க் போர்டில்தான். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று கால் புக் பண்ணின காலம் அது. அந்த லைனில் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் குரல் போகும், மேலே இருப்பதெல்லாம் வெட்டுப்பட்டுவிடும், எஃப் என்றாரா எஸ் என்றாரா என்றே தெரியாது, அதனால் ஆள் பேரையும் ஊர்ப் பேரையும் எழுத்து எழுத்தாகச் சொல்லி வாங்குவோம். இப்போது 4ஜி காலில் ஏழாயிரம் ஹெர்ட்ஸ் வரை வருகிறது, இரண்டு ஃபோனிலும்தான், நீ பெருமூச்சு விடுவதுகூடக் கேட்கிறது. அதனால் வீட்டுக்குள் உட்கார்ந்து பேசினால் இரண்டுக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வெளியே போனால்தான் தெரிகிறது. ஒரு நாள் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நின்று, சிதம்பரம், பண்ருட்டி, விழுப்புரம் என்று நாலு பக்கமும் கூவிக்கொண்டிருக்கும்போது, வாங்க வேண்டிய மளிகைச் சாமானை அப்பாவிடம் ஒருமுறை என் ஃபோனில் சொன்னேன், மறுபடி ஐஃபோனில் அந்த மைக் மோட் என்பதில், சுற்றுச் சத்தத்தை வெட்டிவிடுகிற வாய்ஸ் ஐசொலேஷன் வைத்துவிட்டு அதையே சொன்னேன். முதல் தடவை "பருப்பு எவ்வளவு, பருப்பு எவ்வளவு" என்று இரண்டு முறை கேட்டார். இரண்டாவது தடவை எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, "வீட்டுக்கு வந்துட்டியா, சத்தமே இல்லையே" என்றார். முப்பத்து மூன்று வருஷம் இரைச்சலுக்கு நடுவே குரலைத் தேடிப் பிடித்தவள் நான், அதை ஒரு கைப்பிடி அளவுப் பெட்டி தானாகவே செய்கிறது என்றால் கும்பிடத் தோன்றுகிறது. இதில் உன் ஃபோன்தான் மேல், சந்தேகமே இல்லை.

அப்புறம் மாசி மகம். தேவனாம்பட்டினம் போயிருந்தோம், சுற்றுப்பட்டு ஊர்ச் சாமியெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து மணலில் வரிசையாக நின்றன. காலை வெயில் கடல் பக்கமிருந்து அடிக்கிறது, அம்மன் முகம் நிழலில் இருக்கிறது, பின்னால் தண்ணீர் கண் கூசுகிறமாதிரி மின்னுகிறது. இப்படி ஒரு வெளிச்சத்தில் படம் எடுப்பது கஷ்டம்தானே. நின்ற இடத்திலேயே இரண்டிலும் எடுத்தேன். என் ஃபோனிலும் நன்றாகவே வந்தது, கலர் கொஞ்சம் தூக்கலாக, எனக்குப் பிடித்தமாதிரி. ஆனால் ஐஃபோன் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தால் மூக்குத்திக் கல், கழுத்தில் கிடக்கும் எலுமிச்சை மாலையில் ஒவ்வொரு பழத்திலும் இருக்கும் குங்குமப் பொட்டு, பின்னால் அலையில் நிற்கும் பையனின் ஈரச் சட்டை, எல்லாம் தெரிகிறது. அப்பா நம்பவில்லை. நம்முடையது 64 மெகாபிக்சல், அது வெறும் 12 ஆயிற்றே என்று ஆறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர் அவர். நான் படித்துப் பார்த்தேன். நம்முடையது நாலு நாலு புள்ளியாகச் சேர்த்து ஒன்றாக்கி 16 மெகாபிக்சல் படம்தான் சாதாரணமாகக் கொடுக்கிறது, உன்னுடையதில் புள்ளி குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் பெரிசு, கை லேசாக ஆடினால் உள்ளே சென்சாரே நகர்ந்து ஈடுகட்டிவிடுகிறது. அப்பாவுக்கு விளக்கினேன், படத்தை மறுபடி வாங்கிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

கைரேகையையும் சொல்ல வேண்டும். என் ஃபோனைத் திறக்க முதுகுப் பக்கம் விரல் வைக்க வேண்டும். மீன் கழுவிக்கொண்டு, கையெல்லாம் மஞ்சளும் செதிலுமாக இருக்கும்போது எப்படி வைப்பது? உன்னுடையதை அடுப்பு மேடையில் சாய்த்து வைத்து முகத்தைக் காட்டினால் பூட்டு திறந்துகொள்கிறது. கையிலும் அடக்கமாக இருக்கிறது, எடையும் கொஞ்சம் குறைச்சல்.

இவ்வளவு நல்லதாக இருக்கும்போது ஏன் பழசை விடமாட்டேன் என்கிறேன் என்று கேட்பாய்.

சின்ன வயதில் நீ ஒன்று கேட்பாய், நினைவிருக்கிறதா? கரண்ட் போனாலும் நம் வீட்டு லேண்ட்லைன் மட்டும் எப்படிம்மா பேசுது என்று. எக்ஸ்சேஞ்சில் பேட்டரி ரூம் என்று ஒன்று உண்டு, இடுப்பு உயரத்துக்கு வரிசை வரிசையாகப் பேட்டரிகள், உள்ளே போனாலே ஆசிட் வாடை தொண்டையில் பிடிக்கும், அங்கிருந்து 48 வோல்ட் அந்தச் செம்புக் கம்பியிலேயே ஏறி ஊர் முழுக்க ஒவ்வொரு வீட்டு ஃபோனுக்கும் போகும். 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் அடித்தபோது மரமும் கம்பமும் சாய்ந்து ஊரே இருட்டு, கடலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் கரண்ட் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. அப்போது எங்களுக்கு இருந்த ஒரே கவலை, ஜெனரேட்டருக்கு டீசல் வந்து சேருகிறவரை அந்தப் பேட்டரி தாங்குமா என்பதுதான். அதிலிருந்து எனக்கு ஃபோன் என்றால் கரண்ட் போன பிறகு எத்தனை மணி நேரம் பேசும் என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும்.

வி.ஆர்.எஸ். பணம் வந்ததும் 2020 மார்ச்சில், லாக்டவுனுக்குக் கொஞ்சம் முன்னால், நீதான் ஆன்லைனில் இந்த சாம்சங் எம்31ஐ ஆர்டர் போட்டாய். ஏறக்குறைய 15,000 ரூபாய். உன்னிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று, பேட்டரி பெரிசாக இருக்கட்டும் என்று. 6,000 எம்ஏஎச். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறி, அப்புறம் நகராமல் அங்கேயே நின்று கொட்டியதே, அதோடு விடாமல் சாத்தனூர் அணையைத் திறந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்ததே, அந்த நாட்களில் இந்த ஃபோன் எனக்கு என்னவாக இருந்தது என்று உனக்குத் தெரியாது, ஏனென்றால் உனக்கு லைன் கிடைக்கவே இல்லை. டவரில் இருக்கிற பேட்டரி தீர்ந்ததும் சிக்னல் போய்விட்டது. நான் செய்தது இதுதான்: டேட்டாவை நிறுத்தி, வெளிச்சத்தைக் குறைத்து, மேசை டிராயரிலிருந்து ஒயர் வைத்த இயர்ஃபோனை எடுத்துச் செருகி எஃப்எம் போட்டேன். அந்த ஒயர்தான் ரேடியோவுக்கு ஏரியல், அது இல்லாமல் எடுக்காது. புதுச்சேரி வானொலியில் எந்த ரோடு மூடியிருக்கிறது, ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று சொல்லச் சொல்ல, எதிர்வீட்டு அக்கா, மாடிவீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் நம் கூடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள், ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டோம். இரண்டாம் நாள் ராத்திரி சிக்னல் எட்டிப் பார்த்தபோது உனக்குப் பேசினேனே, அப்போதும் அதில் சார்ஜ் இருந்தது.

ஐஃபோனில் எஃப்எம் கிடையாது, இயர்ஃபோன் ஓட்டையும் கிடையாது. மெமரி கார்டும் போட முடியாது. பேட்டரி ஹெல்த் 83 சதவீதம் காட்டுகிறது. அதைக் குறையாகச் சொல்லவில்லை, நீ மூன்றரை வருஷம் ஓட்டிய பேட்டரி, 500 முறை முழுசாக ஏற்றி இறக்கினால் 80க்கு வரும் என்று செய்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் சார்ஜரைத் தேடவேண்டியிருக்கிறது. அதுவும் அந்த லைட்னிங் ஒயர் நம் தெருவில் யார் வீட்டிலும் இல்லை, எல்லாரிடமும் சி டைப்தான். ஐஃபோனிலேயே 15இலிருந்து சி டைப் வந்துவிட்டதாமே, உன் புதுசில் அதுதானே இருக்கிறது? மழைக்காலத்தில் பக்கத்து வீட்டு சார்ஜர் பொருந்துகிறதா என்பது சின்ன விஷயம் இல்லை பாப்பா.

லாரன்ஸ் ரோட்டில் ஒரு கடையில் என் ஃபோனுக்குப் புது பேட்டரி கேட்டேன். அந்தப் பையன் கையில் வாங்கிப் பார்க்காமலேயே "இதுக்கெல்லாம் இனிமே வராதும்மா, கொடுத்துட்டுப் புதுசு எடுங்க" என்றான். நான் இன்னும் இரண்டு கடை ஏறி இறங்கினேன், ஒருத்தர் வரவழைத்துத் தருகிறேன் என்று சொல்லி அட்வான்ஸ் வாங்கிக்கொண்டார்.

சரி, பழைய ஃபோனுக்கு அப்டேட் நின்றுபோன விஷயத்தில் நீ சொன்னது முழுக்க நியாயம், அதில் நான் பிடிவாதம் பிடிக்கப்போவதில்லை. எம்31 ஆண்ட்ராய்டு 10இல் வந்தது, 12ஓடு நின்றுவிட்டது. உன் ஐஃபோன் 2021இல் ஐஓஎஸ் 15ஓடு வந்த மாடல், 2025 செப்டம்பரில் வந்த 26ஐயும் ஏற்றுக்கொண்டது. பென்ஷன் வருகிற அக்கவுண்ட்டை, அப்டேட் வராத ஃபோனில் வைத்துக்கொண்டு கடைக்குக் கடை ஸ்கேன் பண்ணுவது சரியில்லை, எனக்கே அது உறுத்தலாகத்தான் இருந்தது. அதனால் போன வாரம் பேங்க் நம்பர் இருக்கிற சிம்மை எடுத்து ஐஃபோனில் போட்டுவிட்டேன். சிம்மிலிருந்து தானாக ஒரு எஸ்எம்எஸ் போய்த்தானே யூபிஐ பதிவாகிறது, அதனால் மறுபடி முதலிலிருந்து பண்ண வேண்டியிருந்தது, பொறுமையாகப் பண்ணினேன். பால்காரருக்கு முதலில் அனுப்பிப் பார்த்தேன், போனது. பழைய ஃபோனில் அந்த ஆப் எல்லாவற்றையும் நீக்கிவிட்டேன். இனி பணம், படம், வெளியே போகும்போது பேச்சு எல்லாம் ஐஃபோனில். இன்னொரு சிம்மோடு சாம்சங் வீட்டில் இருக்கும், எப்போதும் முழு சார்ஜில், இயர்ஃபோனைச் சுற்றி பக்கத்திலேயே வைத்து.

வாட்ஸ்ஆப் மட்டும் அதிலேயே இருக்கட்டும். கூகுள் டிரைவில் இருக்கிற பேக்கப்பை ஐஃபோனில் இறக்க முடியாது, மாற்றவேண்டுமானால் ஐஃபோனை முழுக்க அழித்துவிட்டு, புதிதாக ஆன் பண்ணும்போதே மூவ் டு ஐஓஎஸ் ஆப் வழியாகத்தான் கொண்டுவர வேண்டும் என்கிறார்கள். நடுவில் ஏதாவது விட்டுப்போனால்? லாக்டவுன் சமயத்தில் நீங்கள் வரமுடியாமல் இருந்தபோது குட்டி பேசி அனுப்பினதெல்லாம் அதில்தான் இருக்கிறது. "பாத்தி, நீ எங்க இக்க" என்று கேட்டுவிட்டு, பதில் வருமென்று அரை நிமிஷம் சும்மா மூச்சுவிட்டுக்கொண்டு நிற்பாளே, அதுவும். அதை நான் எந்த அழிப்புக்கும் பணயம் வைக்கமாட்டேன். இப்போது ஒரே வாட்ஸ்ஆப்பை இன்னொரு ஃபோனிலும் இணைக்க முடிகிறது, க்யூஆர் காட்டி ஐஃபோனில் இணைத்துவிட்டேன், இரண்டிலும் வருகிறது. பழையதை மட்டும் பதினாலு நாளைக்கு ஒருமுறையாவது திறந்துவிட வேண்டுமாம், நான் தினமும் திறக்கிறேன்.

நீ செய்ய வேண்டியது இரண்டு. ஐஃபோனில் இன்னும் உன் ஆப்பிள் ஐடிதான் இருக்கிறது, உன் காலண்டரும் ஆபீஸ் மீட்டிங்கும் எனக்கு வந்து நிற்கின்றன, நான் எதையும் தொடவில்லை. லீவுக்கு வரும்போது அதை எடுத்துவிட்டு என் பேரில் ஒன்று போட்டுக்கொடு, நீ எடுக்காவிட்டால் ஃபோன் உன் ஐடியோடு பூட்டியபடியேதான் இருக்குமாம். வரும்போது இரண்டு மீட்டர் நீளத்தில் நல்ல லைட்னிங் ஒயர் ஒன்றும் வாங்கி வா, நம் வீட்டு பிளக் எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியும்.

அந்தப் பெட்டியில் அசெம்பிள்டு இன் இந்தியா என்று போட்டிருந்ததை எதிர்வீட்டு அக்காவிடம் காட்டினேன். அவர் பெண் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு ஃபோன் கம்பெனியில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிறாள் அல்லவா, இரண்டு கையாலும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

குட்டியிடம் சொல், எழுதி அனுப்ப வேண்டாம், பேசி அனுப்பட்டும். ஒரு நிமிஷத்துக்குக் குறையாமல்.

அன்புடன்,
அம்மா
கடலூர்