ரவிக்கு, டிசம்பர் போட் பயணம் பற்றி

வெள்ளவத்தை, கொழும்பு

அன்பின் ரவி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது பெரிய ஆறுதல். இங்கே எல்லோரும் சுகம். நம் ஒழுங்கையில் இருந்த பழைய வீடுகள் ஒவ்வொன்றாக மாடிக் கட்டடங்களாகிவிட்டன. கடல் பார்க்க வேண்டுமென்றால் இப்போது மொட்டை மாடிக்குத்தான் ஏற வேண்டும். மகள் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். கப்பல் வேலையை விட்டபிறகு நான் பொல்கொடப் பக்கம் ஒரு பட்டறையில் போட் எஞ்சின் பார்க்கிறேன், அது உனக்குத் தெரியும்.

டிசம்பரில் பிள்ளைகளோடு வந்து பொல்கொட வாவியில் ஒரு நாள் போட் எடுக்க வேண்டும், நடுவில் நிறுத்திக் குளிக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். வா மச்சான், ஏற்பாடெல்லாம் நான் பார்க்கிறேன். ஆனால் வருவதற்கு முன் சில விஷயங்களை உன் காதில் போட்டே ஆகவேண்டும். ஓடுகிற போட்டில் எல்லோரும் கவனமாகத்தான் இருக்கிறார்கள். போட் நின்றதும்தான் உயிர்காப்பு ஜக்கெட்டைக் கழற்றுகிறார்கள், பின்பக்க ஏணியால் தண்ணீரில் இறங்குகிறார்கள். புரொப்பெல்லர் இருப்பதும் அந்தப் பின்பக்கம்தான், எஞ்சின் புகை வெளியே வருவதும் அங்கேதான்.

எஞ்சினை நியூட்ரலில் போட்டால் புரொப்பெல்லர் நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். கியர் சரியாக விலகாத எஞ்சின்களில் அது மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். பட்டறைக்கு வரும் எஞ்சின்களில் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். கையால் பிடித்து நிறுத்திவிடலாம் போலத் தெரியும். பொல்கொடத் தண்ணீர் கலங்கல், ஒரு முழம் கீழே என்ன இருக்கிறது என்றே தெரியாது. அதோடு, யாராவது சின்னவர்கள் தடுக்கிக் கைபட்டால் கியர் நெம்புகோல் முன்னே போய்விடும். அதனால் ஒருவர் தண்ணீரில் இறங்குகிறார் என்றால் எஞ்சின் நிற்க வேண்டும், திறப்பு கழன்று ஓட்டுபவரின் பையில் இருக்க வேண்டும். ஆகாயத்தாமரை புரொப்பெல்லரில் சுற்றிக்கொண்டு அதை எடுக்கக் கை விடும்போதும் இதே சட்டம்தான். குளித்தவர்களை ஏற்றப் போகும்போது ரிவர்ஸில் அவர்களை நோக்கிப் போகவே கூடாது. ஆள் ஓட்டுபவரின் கண்ணுக்குத் தெரிகிற பக்கமாக இருக்க, மெதுவாகக் கிட்டப் போய், சில மீற்றர் தள்ளியே எஞ்சினை நிறுத்திவிட்டுக் கயிறு எறிவதுதான் முறை.

புகை விஷயம் எனக்கு இன்னும் பயம், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாது. கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மேல்தட்டு வைத்த பெரிய போட்டுகளில் பாட்டுக்கும் ஃபிரிட்ஜுக்கும் ஜெனரேட்டர் ஓடும். போட் நங்கூரத்தில் நிற்கும், காற்று இருக்காது, புகை பின்பக்கத்திலேயே தேங்கிவிடும். 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் லேக் பவல் ஏரியில் சகோதரர்களான இரண்டு சிறுவர்கள் இப்படித்தான் இறந்தார்கள். ஹவுஸ்போட்டின் பின்புறக் குளிக்கும் தட்டுக்கு அடியில் நீந்திப் போனார்கள், ஜெனரேட்டர் புகை அங்கேதான் அடைந்திருந்தது. திறந்த வெளியில், நல்ல வெயிலில் நடந்தது. தலையிடி, தலைச்சுற்று, சத்தி வருவது போல ஒரு உணர்வு, இவைதான் அறிகுறிகள். நாம் அதை வெயில் என்றோ கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்றோ சொல்லி விட்டுவிடுவோம். தண்ணீரில் இருப்பவனுக்கு மயக்கம் வந்தால் அடுத்த நிமிடமே முழுகிவிடுவான். போன மாதம் ஒரு பிறந்தநாள் விழாவில், ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்க, பிள்ளைகள் நான்கைந்து பேர் பின் ஏணியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்ததைக் கரையிலிருந்து பார்த்தேன். கத்திக் கூப்பிட்டு நிறுத்தச் சொன்னேன். உடனே நிறுத்தினார்கள். யாருக்கும் கெட்ட எண்ணமில்லை, ஒருவரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

நங்கூரம் எப்போதும் முன்பக்கத்திலிருந்து போட வேண்டும். பின்னால் கட்டினால் அலையோ இழுப்போ வந்ததும் பாரமான எஞ்சின் பக்கம் தாழ்ந்து தண்ணீர் உள்ளே ஏறிவிடும். சின்ன போட்டுகள் கவிழ்வது பலதடவை இப்படித்தான். கயிறு குறைந்தது ஆழத்தைப் போல ஐந்து மடங்காவது வேண்டும், காற்று இருந்தால் ஏழு மடங்கு. இங்கே பலரும் நங்கூரம் அடியைத் தொட்டதும் கயிற்றைக் கட்டிவிடுகிறார்கள். சேற்றில் அது பிடிக்காது, போட் தன் பாட்டுக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். பிடித்த போட்டும் ஒரே இடத்தில் நிற்பதில்லை, காற்றுக்கு ஏற்றபடி வட்டம் போடும். பக்கத்து போட் வேறு விதமாகத் திரும்பும். இரண்டுக்கும் நடுவில் ஒருவரும் நீந்தக் கூடாது, முட்டப்போகிற போட்டைக் கையாலோ காலாலோ தள்ளவும் கூடாது.

நங்கூரம் போடாமல் மிதக்க விட்டுக் குளிப்பதுதான் உன் பெரியவனுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். அதற்கு நான் சம்மதிக்கமாட்டேன். கடலில் வேகத்தை நொட்டில் அளப்பார்கள், ஒரு நொட் என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 30 மீற்றர். ஆளில்லாத போட்டைக் காற்று அந்த வேகத்தில் தள்ளினால், சாதாரணமாக நீந்தத் தெரிந்தவர் அதை எட்டிப் பிடிப்பது கடினம். துரத்தத் துரத்தக் களைப்புத்தான் மிஞ்சும். போட்டை ஓட்டத் தெரிந்த ஒருவர் எப்போதும் மேலே இருக்க வேண்டும், ஏணி முதலே இறக்கியிருக்க வேண்டும், பின்னால் ஒரு மிதவை கட்டின நீளக் கயிறு கிடக்க வேண்டும். எஞ்சின் நின்ற பிறகுதான் அந்தக் கயிற்றையும் விட வேண்டும், இல்லாவிட்டால் புரொப்பெல்லரில் சுற்றிக்கொள்ளும். கடல் சட்டத்தின்படி, நங்கூரம் போடாமல் மிதக்கிற போட் ஓடுகிற போட்தான். அதனால் சுற்றிப் பார்க்க ஒரு ஆள் அதற்குக் கட்டாயம்.

அப்புறம் கல்கிசைக் கடற்கரை. டிசம்பரில் நம் பக்கக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும், பிள்ளைகள் காற்றடைத்த மெத்தையோடு இறங்கக் கேட்பார்கள். காலையில் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசுகிறது, கரையோரம் அலை தணிந்து கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம். மெத்தையோ, ரியூபோ, எஞ்சின் நின்றுபோன சின்ன போட்டோ, எதுவானாலும் மேற்கே போகும். அந்தப் பக்கம் அடுத்த கரை மாலைதீவு. எஞ்சின் நின்றால் முதல் வேலை நங்கூரம் இறக்குவது, பழுது பார்ப்பது பிறகு. யாரும் போட்டை விட்டு நீந்தி வரக் கூடாது. ஃபோனைத் தண்ணீர் போகாத உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள். பொலிஸுக்கு 119, அம்புலன்ஸுக்கு 1990.

முதலை பற்றிக் கேட்டிருந்தாய். பொல்கொடவில் உண்டு. ஊர்க்காரரிடம் கேட்காமல் எங்கேயும் இறங்கமாட்டோம், கரைப் புதர்ப் பக்கம் போகமாட்டோம், மாலைப் பொழுதில் ஒருவரும் தண்ணீரில் இருக்கமாட்டார்கள். இறங்கும் இடம் சரியில்லை என்று அன்றைக்கு எனக்குப் பட்டால் போட்டில் சுற்றிவிட்டு நல்ல இறால் குழம்போடு சாப்பிட்டு வருவோம்.

இங்கே வாடகைக்குத் தரும் ஜக்கெட்டுகள் பெரும்பாலும் பெரியவர்கள் அளவு. உன் சின்னவளுக்குப் போட்டுப் பார்த்துத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கு. நாடியைத் தாண்டிக் காதுவரை ஏறினால் அது அவளுக்கு உதவாது, தண்ணீரில் கழன்றுவிடும். பிள்ளைகளின் ஜக்கெட்டுகளை நிறை பார்த்துத்தான் வாங்க வேண்டும், காலிடையால் ஒரு பட்டியும் இருக்க வேண்டும். அங்கேயே வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு வா. வாங்க நேரமில்லையென்றால் மூன்று பேருடைய நிறையையும் எழுதி அனுப்பு, நான் இங்கே தேடி வைக்கிறேன். பிளேன் எந்தத் திகதி, எத்தனை மணிக்கு இறங்குகிறது என்பதையும் மறக்காமல் எழுது. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சேகர்