டர்பன் ஆய்வகத்துக்கும் சாட்ஸ்வர்த் தெருவுக்கும் ஒரு நன்றி மடல்

வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் என் ஆய்வேட்டை ஒப்படைத்து ஒன்பது நாள் ஆகிறது. அதில் நன்றியுரைக்கு ஒரே ஒரு பக்கம். நெறியாளரில் தொடங்கி நிதி கொடுத்தவர்கள் வரை ஆங்கிலத்தில் முறைப்படி எழுதினேன். எழுதி முடித்த இரவு தூக்கம் வரவில்லை. என் வேலையைத் தாங்கிப் பிடித்தவர்களில் பாதிப் பேர் அந்தப் பக்கத்தில் இல்லை. இருந்தவர்களுக்கும் ஒரு வரிக்கு மேல் கிடைக்கவில்லை. அந்தக் குறை தீரத்தான் இந்த மடல். தமிழ் படிக்கத் தெரியாத ஆய்வகத் தோழர்களுக்கு நானே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிடுவேன்.

எங்கள் துறைக்கு நுண்பாய்மவியல் என்று பெயர். தலைமுடி அளவே அகலமுள்ள கால்வாய்களைத் தெளிந்த ரப்பர் துண்டு ஒன்றுக்குள் அமைத்து, அவற்றில் திரவங்களை ஓடவிட்டு வேதியியல் செய்கிறோம். அந்தத் துண்டைச் 'சிப்' என்போம். அவ்வளவு குறுகிய கால்வாயில் தண்ணீர் சுழிக்காது, கலங்காது. இரண்டு நிறத் திரவங்களைச் சேர்த்து விட்டால் நடுவே கோடு போட்டாற்போல் அக்கம்பக்கமாக ஓடும். மெதுவாக ஓடும் நீரில் சாயம் ஒரே நூலாக நிற்பதை 1883இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்னும் பொறியாளர் கண்ணாடிக் குழாயில் காட்டினார். இங்கே அதையே நுண்ணோக்கியில் பார்க்கலாம். இரண்டும் கலக்க வேண்டுமென்றால் மூலக்கூறுகள் தாமாக நகர்ந்து பரவினால்தான் உண்டு. சாயம் போன்ற சிறிய மூலக்கூறு 100 மைக்ரோமீட்டரைக் கடக்கச் சுமார் 10 விநாடி ஆகும். அதனால் எங்கள் கால்வாய்களைப் பாம்பு போல வளைத்து வளைத்து நீளமாக்குகிறோம்.

சரி, ஆட்களுக்கு வருகிறேன்.

முதலில் பாபா. ஜூலு மொழியில் அப்பா என்று பொருள். மூத்தவர்களை மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவார்கள். எங்கள் ஆய்வகத் தொழில்நுட்பர். நான் சேர்ந்த புதிதில் எனக்கு ஒரு சிப்பும் உருப்படவில்லை. பிடிஎம்எஸ் என்னும் சிலிக்கோன் ரப்பரைப் பத்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் கெட்டிப்படுத்தியோடு கலக்க வேண்டும். தேன் மாதிரி இருக்கும். வெற்றிட ஜாடியில் வைத்துக் காற்றுக் குமிழிகளை எடுத்துவிட்டு, கால்வாய் வடிவம் மேடாக நிற்கும் சிலிக்கன் அச்சின் மேல் ஊற்றி, 70 டிகிரி அடுப்பில் இரண்டு மணி நேரம் வைத்தால் கெட்டியாகிவிடும். எனக்கு மட்டும் அச்சைத் தொடும் பக்கம் பிசுபிசுவென்றே நின்றது. மூன்று வாரம். விகிதத்தை மாற்றினேன், சூட்டைக் கூட்டினேன், புது டின் உடைத்தேன். ஊருக்குத் திரும்பிவிடலாமா என்றுகூட அம்மாவிடம் போனில் கேட்டுவிட்டேன்.

ஒரு நாள் பாபா என் பின்னால் நின்று காலையிலிருந்து நான் செய்வதை முழுவதும் பார்த்தார். மதியம் என் கையுறையைக் கழற்றச் சொன்னார். நீல நிற நைட்ரில் கையுறைப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நான் போட்டிருந்தது லேடெக்ஸ். அதில் உள்ள கந்தகம் பிடிஎம்எஸைக் கெட்டியாக்கும் பிளாட்டினம் வினையூக்கியை முடக்கிவிடும். அந்தக் கையோடுதான் தினமும் அச்சைத் துடைத்திருக்கிறேன். மறுநாள் வந்த சிப் கண்ணாடி மாதிரி இருந்தது. என் கட்டுரைகள் எதிலும் பாபாவின் பெயர் இல்லை. அந்த நாள் இல்லையென்றால் அந்தக் கட்டுரைகளும் இல்லை.

அப்புறம் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஊர்த் தம்பி. இளநிலை மாணவன், ஆறு மாதம்தான் எங்களோடு இருந்தான். லோட்ஷெடிங் என்னும் முறைவைத்த மின்வெட்டு நாடு முழுக்க உச்சத்தில் இருந்த 2023ஆம் ஆண்டு அது. மின்சாரம் போய் ஜெனரேட்டர் பிடிப்பதற்குள், சிப்புக்குள் திரவத்தைத் தள்ளும் சிரிஞ்சுப் பம்ப் நின்றுவிடும். ஓட்டம் அறுந்து ஒரு காற்றுக் குமிழி உள்ளே நுழைந்தால் காலையிலிருந்து செய்தது அத்தனையும் வீண். இந்த வேலை செய்கிறவர்களுக்குக் குமிழியைப் போல எதிரி வேறில்லை. நான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, "அக்கா, ஆஸ்பத்திரியில சலைன் பாட்டில் எந்தப் பம்ப்ல ஓடுது?" என்று கேட்டான்.

அவ்வளவுதான் கேட்டான். சிரிஞ்சின் உள்தண்டை எடுத்துவிட்டு அதைத் தாங்கியில் 30 சென்டிமீட்டர் உயரத்தில் மாட்டினோம். அந்த உயரத் தண்ணீர் தரும் அழுத்தம் சுமார் 3 கிலோபாஸ்கல். எங்கள் கால்வாய்க்கு அது தாராளம். மட்டம் இறங்க இறங்க ஓட்டம் குறையும் என்பதால் பிறகு அகலமான பாத்திரத்துக்கு மாறினோம். மின்சாரம் தேவைப்படாத சிப் ஆகிவிட்டதும், அதை ஆற்றங்கரைக்கே தூக்கிப்போகலாம் என்று தோன்றியது. என் ஆய்வே திசை மாறியது அங்கேதான். முதலில் எடுத்த தலைப்பை நடுவழியில் விட அனுமதித்த நெறியாளருக்கும் இந்த இடத்தில் நன்றி சொல்ல வேண்டும். அது சின்ன விஷயமில்லை.

ஆறு என்றதும் 2022 ஏப்ரல் நினைவுக்கு வருகிறது. டர்பனிலும் சுற்றுப்புறத்திலும் 400க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோன வெள்ளம். கழிவுநீர்க் குழாய்கள் உடைந்து ஆறுகளில் கலந்தன. டொங்காட்டில் நீர் சுத்திகரிப்பு நிலையமே சேதமாகி, ஊர் பல மாதம் குழாய்த் தண்ணீர் இல்லாமல் கிடந்தது. டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் நான் தங்கியிருந்த வீட்டுப் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய தங்கை டொங்காட்டில்தான் இருந்தார். லாரித் தண்ணீருக்கு வாளியோடு நின்ற கதையைத் தினமும் போனில் சொல்வார். "இந்தத் தண்ணிய குடிக்கலாமா, வேணாமான்னு உங்க படிப்பு சொல்லாதா கண்ணு?" என்று ஆயா என்னைக் கேட்டார்.

முழுப் பதில் என்னிடம் இன்றும் இல்லை. ஒரு சிறு பகுதி இருக்கிறது. தண்ணீரில் நைட்ரைட் இருந்தால் கிரீஸ் வினை என்னும் வேதிச் சோதனையில் இளஞ்சிவப்பு வரும். கழிவு கலந்திருக்கலாம் என்பதற்கு அது ஓர் அறிகுறி. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 3 மில்லிகிராம். அந்த நிறத்தை எங்கள் சிப்பில் வரவழைத்துக் கைபேசியில் படமெடுத்து அளக்கிறோம். வெளிச்சம் மாறினால் அளவு தப்பும். மலாவியிலிருந்து வந்த முதுமுனைவர் ஆய்வாளர் அண்ணன் அதற்கு இரவெல்லாம் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கொடுத்தார். சாட்ஸ்வர்த்தின் பங்களாதேஷ் மார்க்கெட்டில் ஆயா வாங்கிய செருப்பின் அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு உள்ளே விளக்கு வைத்தோம்.

ஆயா தன் தெருப் பெண்களைத் திரட்டிவிட்டார். குழாய், தொட்டி, உம்லட்டுசானா ஆறு என்று ஜாம் பாட்டில்களில் தண்ணீர் வந்து குவிந்தது. ஒவ்வொன்றிலும் நாளும் நேரமும் இடமும் எழுதி ஒட்டியிருந்தார்கள். ஒரு ஆய்வு மாணவியாகச் சொல்கிறேன், அவ்வளவு ஒழுங்கான மாதிரிகளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஆயாவைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். அவர் முன்னோர் கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாக வந்தவர்கள். தமிழ் எழுத்து தெரியாது. கோயில் பாட்டுகளை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துப் பாடுவார். ஞாயிறு மாலைகளில் பொருள் சொல்லச் சொல்லிக் கேட்பார், கண் கலங்குவார். துறைமுகத்துச் சாலிஸ்பரி தீவில், இந்தியர்களுக்கென்று 1961இல் நிறவெறி அரசு திறந்த கல்லூரிக்கு இளம் வயதில் படகில் போய் வேதியியல் படித்தவர். இரண்டாம் ஆண்டோடு குடும்பம் நிறுத்திவிட்டது. அந்தக் கல்லூரிதான் வளர்ந்து 1972இல் டர்பனை ஒட்டிய வெஸ்ட்வில் குன்றுக்கு மாறியது. போன மாதம் அவரை ஆய்வகத்துக்கு அழைத்துப் போனேன். பாபா நாற்காலி போட்டார். நுண்ணோக்கியில் வைத்த கண்ணை ஆயா வெகுநேரம் எடுக்கவே இல்லை. இரண்டு கோடுகள் மெல்ல இளஞ்சிவப்பாகச் சேர்வதைப் பார்த்துவிட்டு, "கிரீஸ்" என்றார். நான் சொல்லித் தரவில்லை. அறுபது வருடம் கழித்தும் அவருக்கு நினைவிருந்தது.

பாபா, தம்பி, அண்ணன், நெறியாளர் ஐயா, ஆயா, தெருவில் பாட்டில் நிரப்பிய ஒவ்வொரு அக்காவுக்கும் நன்றி. ஜூலுவில் சொன்னால், ங்கியாபோங்கா.

அடுத்து வரும் மாணவருக்கு: சிலிக்கன் அச்சுகள் இரண்டாவது இழுப்பறையில், தாள் சுற்றி இருக்கின்றன. நீலக் கையுறை அதன் மேலேயே வைத்திருக்கிறேன். ஆயாவின் செருப்புப் பெட்டியை யாரும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் திண்டுக்கல் பெண்