கிலோமீட்டர் வேண்டாம், மில்லிமீட்டர் சொல்லுங்கள்: சர்வீஸ் சென்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

சர்வீஸ் சென்டர் நடத்துபவர்களுக்கும், கவுன்டரில் எங்களிடம் பேசும் சர்வீஸ் அட்வைசர்களுக்கும், வண்டிக்கு அடியில் கையழுக்காக வேலை பார்க்கும் மெக்கானிக்குகளுக்கும்,

வணக்கம்.

சர்வீஸ் முடிந்து வண்டியை எடுக்க வரும்போது நீங்கள் நீட்டும் தாளில் பிரேக்கைப் பற்றி ஒரு வரி இருக்கும். 'பிரேக் செக் செய்யப்பட்டது, ஓகே' என்று இருக்கும், இல்லாவிட்டால் 'பிரேக் பேட் தேய்மானம், மாற்ற வேண்டும்' என்று இருக்கும். எந்தச் சக்கரத்தில் தேய்ந்திருக்கிறது, எவ்வளவு மிச்சமிருக்கிறது, ஓகே என்றால் இன்னும் எவ்வளவு தூரத்துக்கு ஓகே என்று கேட்டுப் பாருங்கள். "நாற்பதாயிரம் ஓடிருச்சுல்ல சார், மாத்திடுறது நல்லது" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். அந்த நாற்பதாயிரத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

பிரேக் பேட் எத்தனை கிலோமீட்டர் வரும் என்ற கேள்விக்கு நேர்மையான பதில் கிடையாது. 25,000 கிலோமீட்டரில் தீர்ந்துபோகும் பேடும் உண்டு, 1,00,000 தாண்டியும் உழைக்கும் பேடும் உண்டு. இரண்டும் ஒரே மாடல் வண்டியில், ஒரே பெட்டியிலிருந்து எடுத்துப் போட்ட பேடாகக்கூட இருக்கலாம். காரணம் எளிது. சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற வட்டை இரு பக்கமும் அழுத்திப் பிடித்து வண்டியை நிறுத்துவதுதான் பேட். வண்டி ஓடும்போது அது தேய்வதில்லை, நிறுத்தும்போதுதான் தேய்கிறது. நெடுஞ்சாலையில் சீராகப் போகிற வண்டி நூறு கிலோமீட்டருக்கு நாலைந்து முறை பிரேக் பிடித்தால் அதிகம். நகர நெரிசலில் அதே அளவு பிரேக்கை இரண்டு சிக்னலுக்குள் பிடித்துவிடுவோம்.

எத்தனை முறை பிடிக்கிறோம் என்பதோடு, எந்த வேகத்திலிருந்து பிடிக்கிறோம் என்பதும் கணக்கு. வேகம் இரு மடங்கானால் வண்டியின் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். 1,500 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும்போது அதனிடம் ஏறக்குறைய 145 கிலோஜூல் இருக்கிறது. 100 கி.மீ. வேகத்தில் அதுவே 580 கிலோஜூல் ஆகிவிடும். ஒன்றரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான சூடு அது. சில விநாடிகளில் அத்தனையையும் பேடும் டிஸ்க்கும் வாங்கிக்கொண்டாக வேண்டும். ஆகவே, தூரத்திலேயே சிவப்பு விளக்கைப் பார்த்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறவரின் பேடும், கடைசி நொடியில் ஓங்கி மிதிக்கிறவரின் பேடும் ஒரே நாளில் தீராது. மலை இறக்கத்தில் கியரைக் குறைத்து இறங்குபவர், வழி முழுக்கப் பிரேக்கிலேயே கால் வைத்து இறங்குபவர், ஆட்டோமேட்டிக் வண்டியில் இடது காலைப் பிரேக்கின் மேலேயே ஓய்வெடுக்க வைப்பவர் என்று ஆளுக்கொரு கணக்கு. இத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே நாற்பதாயிரமா?

மில்லிமீட்டர் அப்படி ஆளுக்கு ஆள் மாறாது. புதிய முன்சக்கர பேடில் தேயக்கூடிய பகுதி பொதுவாக 10 முதல் 12 மில்லிமீட்டர் வரை இருக்கும், பின்சக்கரத்தில் பெரும்பாலும் அதைவிடக் கொஞ்சம் குறைவு. பின்னால் ஒட்டியிருக்கும் இரும்புத் தகடு இந்தக் கணக்கில் வராது. (தகட்டையும் சேர்த்து அளந்து "இன்னும் நிறைய இருக்கு" என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.) 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றும் ஏற்பாட்டைத் தொடங்கிவிட வேண்டும். 2 என்பது பல தயாரிப்பாளர்கள் சொல்லும் கடைசிக் கோடு. உங்கள் வண்டிக்கான சரியான எண் அதன் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். அதற்குக் கீழே ஓட்டினால் பேடின் மெல்லிய மிச்சம் சூட்டைத் தடுக்காது. சூடு தகடு வழியாக, பேடைத் தள்ளும் பிஸ்டனுக்கும், அங்கிருந்து பெடலின் அழுத்தத்தைக் கடத்தும் பிரேக் ஆயிலுக்கும் போகும். டாட் 4 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிப் பழசானபின் அந்தத் தரத்துக்கான வரம்பே 155 டிகிரிதான். ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் மெத்தென்று தரைவரை போகும், வண்டி நிற்காது. பேட் மெலிந்திருப்பதும் ஆயில் பழசாக இருப்பதும் ஒரே வண்டியில் சேர்ந்து வருவது ஒன்றும் அபூர்வமில்லை, இரண்டுமே கவனிக்காமல் விட்டதால் வருவதுதானே.

நீங்கள் எண்ணைச் சொன்னால் மீதிக் கணக்கை நாங்களே போட்டுக்கொள்வோம். 11 மில்லிமீட்டரில் தொடங்கிய பேட் 30,000 கிலோமீட்டரில் 7-க்கு வந்திருக்கிறது என்று வையுங்கள். 4 மில்லிமீட்டர் தேய 30,000 ஆனது, அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு 7,500. 3-ஐத் தொட இன்னும் 4 மில்லிமீட்டர் மிச்சம். இதே மாதிரி ஓட்டினால் இன்னொரு 30,000 தாராளமாக வரும். மெலிந்த பேட் சீக்கிரம் சூடேறும் என்பதால் கணக்கு துல்லியமாக நேர்கோட்டில் போகாதுதான், ஆனாலும் அடுத்த சர்வீஸ் வரை தாங்குமா என்று முடிவு செய்ய இது போதும். "மாத்திடுறது நல்லது சார்" என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. சந்தேகம்தான் வரும். 7 மில்லிமீட்டர் மிச்சமிருக்கும் பேடை மாற்றச் சொல்பவரும், 2 மில்லிமீட்டரில் இருப்பதை மாற்றச் சொல்பவரும் எங்கள் கண்ணுக்கு ஒரே ஆளாகத் தெரிகிறார்கள். இதில் நஷ்டம் நேர்மையாகச் சொல்பவருக்குத்தான்.

இனி எங்கே அளக்க வேண்டும் என்பதைப் பார்ப்போம். இங்கேதான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. அலாய் வீலின் இடுக்கு வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால் வெளிப்பக்க பேடின் விளிம்பு தெரியும். "அரை பேட் இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த சக்கரத்துக்குப் போய்விடுகிறீர்கள். உள்பக்கம் ஒரு பேட் இருக்கிறதே, அதை யார் பார்ப்பது? பெரும்பாலான கார்களில், இரண்டு பேடையும் பிடித்திருக்கும் கவ்வியான காலிப்பருக்குப் பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான். பிஸ்டன் உள் பேடைத் தள்ளும், அதன் எதிர்விசையில் காலிப்பர் முழுவதும் பின்கள் எனப்படும் இரண்டு உலோகக் கம்பிகள் மேல் சறுக்கி வந்து வெளிப் பேடை இழுத்து அழுத்தும். அந்தப் பின்களின் ரப்பர் உறை கிழிந்து தண்ணீரும் மண்ணும் புகுந்தால், கிரீஸ் காய்ந்து, பின்கள் துருப்பிடித்துச் சறுக்குவது நின்றுபோகும். அப்புறம் வேலை எல்லாம் உள் பேடின் தலையில்தான். கழற்றிப் பார்த்தால் வெளியே 6 மில்லிமீட்டர், உள்ளே தகடு மட்டும். சில நேரம் ஒரே பேடின் ஒரு முனை தடித்தும் மறுமுனை மெலிந்தும் ஆப்பு மாதிரி தேய்ந்திருக்கும்.

இப்படி உள்ளுக்கும் வெளிக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் நோய் பேடில் இல்லை, காலிப்பரில். புதுப் பேடைப் போட்டு வண்டியைக் கொடுத்தால் அதே பக்கம் மறுபடியும் தேயும், நாங்கள் மறுபடியும் பணம் கட்டுவோம். பேட் சரியில்லை என்று பேட் கம்பெனியைத் திட்டுவோம். இந்தத் தகவல் எங்களுக்குக் கிடைக்க ஒரே வழி, இரண்டு பேடையும் தனித்தனியே அளப்பது. ஆக, நாலு சக்கரத்திலும் டிஸ்க் இருந்தால் எட்டு எண்கள். பின்னால் டிரம் (டிஸ்க்குக்குப் பதில் சுழலும் உருளை; அதை உள்ளிருந்து அழுத்தும் வளைந்த கட்டைதான் ஷூ) என்றால் முன்னால் நாலு எண்களும், டிரம்மைக் கழற்றிப் பார்த்தபோது ஷூ லைனிங்கின் அளவும்.

முன்பக்கம்தான் முதலில் தீரும் என்று எழுதி வைத்த மாதிரி பின்பக்கத்தைப் பார்க்காமல் விடுவதும் நடக்கிறது. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால் பெரும்பங்கு வேலை முன்சக்கரங்களுக்குத்தான், அது உண்மை. ஆனால் இன்றைய வண்டிகளில் வண்டி சறுக்காமல் காக்கும் எலெக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல், முன்னே போகும் வண்டிக்கேற்ப வேகத்தை மாற்றும் அடாப்டிவ் க்ரூஸ் கன்ட்ரோல் போன்றவை நமக்குத் தெரியாமலே பின் பிரேக்கைத் தொட்டுக்கொண்டிருக்கும். பின் பேட் தொடக்கத்திலேயே மெல்லியது வேறு. சில வண்டிகளில் பின்பக்கம் முந்திக்கொள்வதில் வியப்பில்லை.

அடுத்து பிரேக் ஆயில். இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. 'ஆயில் குறைவாக இருந்தது, நிரப்பப்பட்டது' என்று ஏதோ உபகாரம் செய்த மாதிரி எழுதுகிறீர்கள். என்ஜின் ஆயில் மாதிரி அது செலவாகும் பொருளா? மூடிய அமைப்பு அது. அளவு இறங்குகிறது என்றால் ஒன்று கசிவு, இல்லையென்றால் பேட் தேய்ந்து பிஸ்டன் வெளியே வந்திருக்கிறது, அந்த இடத்தை நிரப்ப ஆயில் கீழே போயிருக்கிறது. டப்பாவில் இருந்த ஆயிலின் அளவு பேடின் நிலையைச் சொல்லிக்கொண்டிருந்தது, நீங்கள் ஊற்றி அதன் வாயை அடைத்துவிட்டீர்கள். பின்னால் ஒருநாள் புதுப் பேட் போடப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது அந்த ஆயில் எல்லாம் பொங்கி வழியும். பெயின்டில் பட்டால் பெயின்டைத் தின்றுவிடும். ஆயில் குறைந்திருந்தால் முதலில் பேடை அளந்து, கசிவு இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் பாட்டிலைத் திறங்கள்.

சத்தத்தை நம்பி இருக்கும் எங்கள் ஆட்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "கீச்சுன்னு சத்தம் வந்தா பாத்துக்கலாம்" என்று சொல்பவர்கள் உங்களைவிட எங்களிடையேதான் அதிகம். பல பேடுகளில் சிறிய இரும்பு நாக்கு ஒன்று இருக்கும், 2 அல்லது 3 மில்லிமீட்டர் மிச்சமிருக்கும்போது டிஸ்க்கை உரசிக் கீச்சிட. சில வண்டிகளில் அதற்குப் பதில் ஒயர் சென்சார். பேடோடு சேர்ந்து ஒயரும் தேய்ந்து அறுந்தால் டாஷ்போர்டில் விளக்கு எரியும். ஆனால் நாக்கோ சென்சாரோ எல்லாப் பேடிலும் இருக்காது. அது இல்லாத பேட் முதலில் தீர்ந்தால் எந்த எச்சரிக்கையும் வராது. மறுபக்கம், கீச்சிடுவதெல்லாம் தேய்மானமும் இல்லை. இரவு மழையில் நின்ற வண்டி காலையில் உரசுவது டிஸ்க்கின் மேல் படிந்த துருவால், நாலு முறை பிரேக் பிடித்தால் போய்விடும். கரகரவென்று அரைக்கும் சத்தம் என்றால் பேட் முடிந்து தகடு டிஸ்க்கைத் தின்கிறது, அதோடு டிஸ்க்கின் செலவும் சேர்ந்துவிட்டது என்று பொருள்.

டிஸ்க்கிலும் அதே வேண்டுகோள்தான். குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். மைக்ரோமீட்டர் வைத்து அளந்து அந்த எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். பேட் மாற்றினாலே டிஸ்க்கும் மாற்ற வேண்டும் என்பது பொய், மாற்றவே தேவையில்லை என்பதும் பொய்.

ஹைபிரிட், எலெக்ட்ரிக் வண்டிக்காரர்களிடம் "உங்களுக்கு பேட் கவலையே இல்லை" என்று சொல்லி அனுப்புகிறீர்கள். மோட்டாரே வேகத்தைக் குறைத்து பேட்டரிக்கு மின்சாரம் அனுப்புவதால் பேட் நெடுநாள் வருவது உண்மைதான். ஆனால் பயன்படாமல் கிடக்கும் பிரேக்கில் டிஸ்க் துருப்பிடிக்கும், காலிப்பரின் பின்களும் இறுகும். அந்த வண்டிகளையும் கழற்றிப் பாருங்கள்.

1888-இல் பெர்த்தா பென்ஸ் தன் இரண்டு மகன்களோடு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கணவரின் மோட்டார் வண்டியை ஓட்டிப் போனார். நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட பயணம். வழியில் பிரேக்கின் மரக்கட்டை தேய்வதைக் கவனித்து, ஒரு செருப்புத் தைப்பவரிடம் நிறுத்தி அதன்மேல் தோல் அடித்துக்கொண்டார். கார் பிரேக்குக்கு லைனிங் போட்ட கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது என்பார்கள். அட்டவணையைப் பார்த்து அவர் நிறுத்தவில்லை, கட்டையைப் பார்த்து நிறுத்தினார்.

பேட் மாற்றும் வேலையைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இடது, வலது இரண்டையும் சேர்த்தே மாற்றுவது, எலெக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் உள்ள வண்டியில் ஸ்கேனர் மூலம் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோன பிறகு பின்சக்கரக் காலிப்பரைத் தொடுவது, காலிப்பரின் பின்களைத் துடைத்து அதற்கான கிரீஸ் வைப்பது எல்லாம் தெரிந்தவர்கள்தான் நீங்கள். இரண்டு விஷயம் மட்டும். பிஸ்டனைத் தள்ளியபின் முதல் மிதியில் பெடல் தரைவரை போகும். அது இறுகும்வரை நின்ற இடத்திலேயே மிதித்துவிட்டுத்தான் வண்டியை யாராவது நகர்த்த வேண்டும், அந்த யாராவது வாடிக்கையாளராக இருக்கக் கூடாது. இன்னொன்று, முதல் இருநூறு முந்நூறு கிலோமீட்டருக்குப் புதுப் பேட் டிஸ்க்கோடு படிய வேண்டும், அவசரம் இல்லாதவரை ஓங்கிப் பிடிக்க வேண்டாம் என்று சாவியைக் கொடுக்கும்போதே சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால், மறுநாளே "பிரேக் முன்ன மாதிரி இல்லை" என்று நாங்கள் வந்து நிற்போம்.

சக்கரம் கழற்றி எட்டு இடத்தில் அளக்க நேரம் பிடிக்கும் என்பது தெரியும். ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று மேலே இருப்பவர் விரட்டும்போது, மெக்கானிக் டார்ச் அடித்துப் பார்த்து 'ஓகே' போடுவதில் அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அதனால் இந்தக் கோரிக்கை முதலில் சென்டர் நடத்துபவர்களுக்கு. அளப்பதற்குத் தனியாகக் கூலி வேண்டும் என்றால் பில்லில் போடுங்கள், தருகிறோம். டயர் இடம் மாற்றும்போது எப்படியும் நாலு சக்கரமும் கழன்றுதான் இருக்கும், அன்றைக்கு அளந்தால் கூடுதல் வேலையும் இல்லை. ஜாப் கார்டில் 'பிரேக்: ஓகே' என்ற கட்டத்தை எடுத்துவிட்டு இப்படி ஒரு வரி வரட்டும்: 'முன் இடது உள் 6, வெளி 7, முன் வலது உள் 6, வெளி 6, பின் இடது உள் 5, வெளி 5, பின் வலது உள் 3, வெளி 5, 42,300 கி.மீ.' அந்தப் பின் வலது உள் 3-ஐப் பார்த்ததும் நானே கேட்பேன், பேட் மட்டும் போதுமா, காலிப்பரின் பின்களையும் பார்க்க வேண்டுமா என்று. மாற்றினால் கழற்றிய பழைய பேடைக் குப்பையில் போடாமல் காட்டிவிடுங்கள், பேரம் பேசாமல் பணம் கட்டிவிட்டுப் போகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவர்