விக்லிஃபைப் பாதியாக நினைவுகூராதீர்கள்

இங்கிலாந்து திருச்சபையின் பேராயர்களுக்கும் ஆயர்களுக்கும் பொதுப் பேரவை உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். ஆண்டுதோறும் டிசம்பர் 31 அன்று உங்கள் நாட்காட்டி 14-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய இறையியலாளர் ஜான் விக்லிஃபை நினைவுகூர்கிறது. 1384-இல் லட்டர்வொர்த்தில் அவர் இறந்த நாள் அது. விவிலியத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர் என்றுதான் எல்லோரும் அவரைப் பாராட்டுகிறார்கள். அந்த வேலையில் பெரும்பகுதி அவருடைய சீடர்கள் செய்தது என்று கருதும் அறிஞர்களே அதிகம். அது எப்படியோ போகட்டும். அவரை முதலில் குற்றவாளியாக நிறுத்தியது மொழிபெயர்ப்பு அல்ல, சொத்தைப் பற்றி அவர் பேசிய பேச்சு.

1377 பிப்ரவரியில் லண்டன் புனித பவுல் பேராலயத்துக்கு ஆயர்கள் அவரை அழைத்தார்கள். துணைக்கு வந்த மன்னரின் மகன் ஜான் ஆஃப் கான்ட் பிரபுவுக்கும் லண்டன் ஆயருக்கும் வாய்ச்சண்டை முற்றி, விசாரணை நடக்காமலே கூட்டம் கலைந்தது. மே மாதம் போப் 11-ஆம் கிரகோரி அவருக்கு எதிராக ஐந்து ஆணைகள் பிறப்பித்தார். விக்லிஃப் அப்படி என்னதான் சொல்லிவிட்டார்? உடைமை எல்லாம் கடவுளுடையது. அருள்நிலையில், அதாவது பெரும்பாவம் இல்லாமல் கடவுளின் அருளில், இருப்பவருக்கே அதில் உண்மையான உரிமை. திருச்சபை தன் செல்வத்தைத் தவறாகப் பயன்படுத்தினால் அரசு அதைப் பறிக்கலாம் என்றார். பரந்த நிலங்களை வைத்திருந்த சபைக்கு அது அடிமடியில் கை வைத்தது போல இருந்தது.

இந்தப் பேச்சு பிரபுக்களுக்கு வசதியாக இருந்தது உண்மை. விக்லிஃபும் தாம் குடியிருக்காத பங்குகளின், அதாவது ஊர்ச் சபைகளின், வருமானத்தைப் பெற்றவர்தான். ஆனால் பிரபுக்களுக்காக மட்டும் பேசியவர் என்றால், நற்கருணை வழிபாட்டில் அப்பம் கிறிஸ்துவின் உடலாக மாறுகிறது என்ற சபையின் போதனையை மறுத்து, அப்பம் அப்பமாகவே இருக்கிறது என்று சொல்லி அவர்களுடைய ஆதரவை இழந்திருப்பாரா? ஆக்ஸ்ஃபோர்டையும் அதனால்தான் விட்டார். 1415-இல் கான்ஸ்டன்ஸ் நகரில் கூடிய திருச்சபைப் பொதுச்சங்கம் அவரைச் சமயத் துரோகி என்றது. 1428-இல் லிங்கன் ஆயர் ரிச்சர்ட் ஃபிளெமிங் அவர் எலும்புகளைத் தோண்டி எரிக்கச் செய்தார். சாம்பல் ஸ்விஃப்ட் ஆற்றில் போனது.

இன்று உங்கள் சபையின் முதலீடுகளை நிர்வகிக்கும் திருச்சபை ஆணையர்களின் நிதி ஆயிரம் கோடி பவுண்டுக்கு மேல். ஓய்வூதியமும் ஏழைப் பங்குகளுக்கான உதவியும் அதிலிருந்து போகின்றன என்பது தெரியும். ஆண்டறிக்கை வெளியிடுகிறீர்கள் என்பதும் தெரியும். நான் கேட்பது வேறு. டிசம்பர் 31 வழிபாட்டில், சொத்தைப் பற்றி விக்லிஃப் எழுதியதிலிருந்து ஒரு பகுதியை வாசியுங்கள். அப்புறம் அந்த ஆண்டுக் கணக்கைச் சபையார் முன் வையுங்கள். எந்தப் பங்குக்கு எவ்வளவு போனது, யார் முடிவெடுத்தார்கள் என்று அவர்கள் எழுந்து கேட்கட்டும். பதில் சொல்ல ஓர் ஆயர் அங்கே இருக்கட்டும்.

அன்புடன்,
திருச்சபை வரலாறு படிக்கும் ஒருவர்