பவர் பிரஸ் விபத்து வழக்கில் துணை நின்றவர்களுக்கு நன்றி

அன்புள்ள தோழர்களுக்கு,

தகட்டை அழுத்தி வெட்டும் இயந்திரமான பவர் பிரஸ்ஸில் வலது கை விரல்கள் இரண்டை இழந்த தொழிலாளிக்கு இழப்பீடு கிடையாது என்று காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய கடிதத்தில் மூன்று காரணங்கள் இருந்தன. சம்பளப் பட்டியலில் பெயர் இல்லை. பாதுகாப்புத் தடுப்பை அவரே கழற்றினார். விபத்தை உடனே எழுதித் தெரிவிக்கவில்லை. மூன்றையும், தொழிலாளர் இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் இழப்பீட்டு ஆணையர் ஏற்கவில்லை. உயர் நீதிமன்றத்தில் நிறுவனம் போட்ட மேல்முறையீடும் தள்ளுபடியாகிவிட்டது. உதவியவர்களின் பெயர்களை இங்கே எழுதவில்லை. பலர் இன்னும் பட்டறைகளில் வேலை பார்ப்பவர்கள்.

முதல் நன்றி, அன்று அவசரப் பிரிவில் பணியிலிருந்த டாக்டருக்கு. இப்படிப்பட்ட நேரத்தில் கூட வருபவர்கள் "கீழே விழுந்துட்டார்" என்று சொல்லி வைப்பது வழக்கம். அந்த வரி ஏ.ஆர். காப்பியில் (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகலில்) ஏறிவிட்டால் பிறகு அழிக்க முடியாது. இந்த டாக்டர் அடிபட்டவரிடமே கேட்டு, "பட்டறையில் பிரஸ் ஓட்டும்போது கை சிக்கியது" என்று நேரத்தோடு எழுதினார். அழைத்து வந்தவர் யார் என்ற கட்டத்தில் பட்டறை மேலாளரின் பெயரைப் போட்டார். 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் 10ஆம் பிரிவுப்படி, முதலாளிக்கு வேறு வழியில் விபத்து தெரிந்திருந்தால் எழுத்து அறிவிப்பு இல்லாதது குறையாகாது. மேலாளரே ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கும்போது "தெரியாது" என்ற வாதம் எப்படி நிற்கும்?

பத்துப் பேருக்கும் குறைவான பட்டறை, இ.எஸ்.ஐ. கிடையாது; அதனால்தான் ஆணையரிடம் போக முடிந்தது. இ.எஸ்.ஐ. இருந்திருந்தால் இ.எஸ்.ஐ. சட்டத்தின் 53ஆம் பிரிவு இந்த வழியை அடைத்திருக்கும். நியமன உத்தரவும் இல்லை, சம்பளச் சீட்டும் இல்லை. வாராவாரம் கூகுள் பேயில் வந்த கூலியை வங்கிக் கணக்கு விவரத்தில் ஒவ்வொரு வரியாகக் குறித்துக் கொடுத்த வங்கி ஊழியருக்கும், ஷிப்ட் சொல்லி வந்த வாட்ஸ்அப் செய்திகளை மின்னணு ஆவணத்தை நீதிமன்றம் ஏற்கத் தேவைப்படும் சான்றிதழோடு அச்செடுத்துத் தந்த தம்பிக்கும் நன்றி. சான்றிதழ் இல்லாத வெறும் ஸ்கிரீன்ஷாட்டை எதிர்த்தரப்பு முதல் நாளே ஆட்சேபித்திருக்கும்.

சாட்சி சொன்ன இரு தொழிலாளர்களுக்கு எவ்வளவு சொன்னாலும் தகும். தடுப்பைத் தொழிலாளி வேண்டுமென்றே கழற்றினார் என்று காட்ட வேண்டியது முதலாளியின் பொறுப்பு. டையை (பிரஸ்ஸின் அச்சை) மாற்றும்போது, அதைப் பொருத்தும் செட்டர் கழற்றிய தடுப்பு திரும்ப மாட்டப்படாமல் மெஷினுக்குப் பின்னால், எண்ணெய் டப்பாவோடு சாய்ந்து கிடந்ததை இருவரும் பார்த்தபடி சொன்னார்கள். விபத்து நடந்த நொடியைப் பார்த்தீர்களா என்ற கேள்விக்கு "இல்லை, சத்தம் கேட்டுத்தான் ஓடினோம்" என்றார்கள். குறுக்கு விசாரணையில் சாட்சி உடைவது பெரும்பாலும் கூடுதலாகச் சொன்ன ஒரு வரியில்தான். இவர்கள் அதற்கு இடமே தரவில்லை.

எலும்பு முறிவு மருத்துவர் எக்ஸ்ரேயில் விரல் எந்த மட்டத்தில் துண்டாகியிருக்கிறது என்று அம்புக்குறி போட்டு, நேரில் வந்தும் சாட்சியம் தந்தார். இந்த மட்டம்தான் தொகையை முடிவு செய்கிறது. ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் சம்பாதிக்கும் திறன் இழப்பு சட்டத்தின் அட்டவணையில் 14 சதவீதம். ஒரு கணு மட்டும் என்றால் 9. ஒரே கையில் இரண்டு விரல்கள் போனால் 20.

கணக்கைச் சொல்லிவிடுகிறோம், பலர் கேட்டார்கள். மாதச் சம்பளம் 18,000 என்றாலும் சட்டம் 15,000 வரைதான் எடுக்கும். அதில் 60 சதவீதம் 9,000. வயதுக்கு ஏற்பச் சட்டம் தரும் பெருக்கு எண்ணான காரணி, 35 வயதுக்கு 197.06; பெருக்கினால் 17,73,540. அதில் 20 சதவீதம் 3,54,708 ரூபாய். கடைசிப் பிறந்தநாளில் முடிந்த வயதைத்தான் பார்ப்பார்கள், ஆகவே பள்ளிச் சான்றிதழைத் தேடி எடுத்துத் தந்த அவர் அக்காவுக்கும் இதில் பங்கு உண்டு.

வழக்கறிஞரின் நிதானத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1976இல் பிரதாப் நாராயண் சிங் தியோ வழக்கில், முழங்கைக்கு மேல் இடக்கையை இழந்த தச்சருக்கு உச்ச நீதிமன்றம் முழு ஊனம் என்றது. அதைக் காட்டி 100 சதவீதம் கேட்கலாம் என்று எங்களில் சிலர் சொன்னபோது, இரண்டு விரலுக்கு அது பொருந்தாது, மற்ற வாதங்களையும் கெடுக்கும் என்று தடுத்தார். அதே தீர்ப்பை வேறு இடத்தில் பயன்படுத்தினார்: இழப்பீடு விபத்து நாளிலேயே கடனாகிவிடுகிறது என்பதால் 12 சதவீத வட்டியும் அந்த நாளிலிருந்தே. உயர் நீதிமன்றத்தில் அவர் பேசியது கொஞ்சம்தான். 1923 சட்டத்தின் 30ஆம் பிரிவின்படி சட்டப் பிரச்சினை இருந்தால்தான் மேல்முறையீடு. உண்மை விவரங்களில் ஆணையர் சொன்னதே முடிவு.

2025 நவம்பர் 21 முதல் இந்தப் பழைய சட்டங்களுக்குப் பதிலாக சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. இது அதற்கு முந்தைய விபத்து. புதிதாக மனுப் போடுகிறவர்கள் இங்குள்ள பிரிவு எண்களை அப்படியே எழுத வேண்டாம்.

ஆணையர் அலுவலகத்தில் தொகையை எடுக்க எந்தெந்த நகல் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி அலைச்சலைக் குறைத்த எழுத்தருக்கும் எங்கள் நன்றி.

இப்படிக்கு,
தொழிலாளர் உதவிக் குழுவினர்